ஸ்கேனில் 99 சதவீதம் வந்துவிட்டால் பயாப்ஸி எதற்கு?

கேள்வி – 2025 ஜனவரி 6

மூளைக்கட்டி எம்ஆர்ஐ படங்களை வைத்து ஒரு டீப் லேர்னிங் மாடல் செய்திருக்கிறேன். கிளையோமா (மூளைத் திசுவிலேயே வளரும் கட்டி), மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும் கட்டி), பிட்யூட்டரி சுரப்பியின் கட்டி என்று மூன்றாகப் பிரிக்கிறது. துல்லியம் 99 சதவீதம். இவ்வளவு வந்த பிறகும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர்கள் ஏன் இதை நம்புவதில்லை? இனி பயாப்ஸி (திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) எதற்கு?

2025 ஜனவரி 6, இரவு

படங்கள் எத்தனை, நோயாளிகள் எத்தனை? இதை முதலில் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் மூன்று வகைகளை வைத்துப் பார்த்தால், எல்லோரும் எடுக்கும் அந்தப் பொதுத் தொகுப்பாகத்தான் இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த டி1 படங்கள் (டி1 என்பது எம்ஆர்ஐ எடுக்கும் ஒரு முறை), மொத்தம் 3064 ஸ்லைஸ்கள், அதாவது வெட்டுப் படங்கள். ஆனால் அவை 233 பேரிடமிருந்து வந்தவை. சராசரியாக ஒருவருக்கு 13 ஸ்லைஸ். இதைக் குலுக்கிப் போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், சோதனைக்குப் போன ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் அதே ஆளின் அடுத்த ஸ்லைஸ் பயிற்சியில் இருக்கும். அதே மண்டை, அதே கட்டி, சில மில்லிமீட்டர் தள்ளி. மாடல் கட்டியின் வகையைப் படிக்கவே வேண்டாம், ஆளை அடையாளம் கண்டாலே போதும். 99 வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தொகுப்பை வெளியிட்டவர்கள் ஒவ்வொரு கோப்பிலும் நோயாளி எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டி எங்கே இருக்கிறது என்று வரைந்த மாஸ்க்கும் இருக்கிறது. இதையே யாரோ ஜேபெக் ஆக்கி ஃபோல்டர் ஃபோல்டராகப் போட்ட பிரதிகள்தான் அதிகம் சுற்றுகின்றன, அவற்றில் நோயாளி எண் போய்விட்டது. மூலக் கோப்பை எடுங்கள். நோயாளி எண்ணை வைத்துப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

2025 ஜனவரி 7

'கட்டி இல்லை' என்ற வகையும் சேர்ந்த 7023 படத் தொகுப்பு நன்றாக இருக்குமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதில் 'கட்டி இல்லை' படங்கள் வேறொரு தொகுப்பிலிருந்து வந்து சேர்ந்தவை. படத்தின் அளவு, ஓர இருட்டு, பிரகாசம் எல்லாமே மாறும். அப்படியிருக்க, கட்டி இருக்கிறதா இல்லையா என்பதை மாடல் கற்றதா, படம் எங்கிருந்து வந்தது என்பதைக் கற்றதா என்று அந்தத் தொகுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சிக்கு நல்லது, மருத்துவ முடிவு எதையும் அதன் மேல் கட்டாதீர்கள்.

2025 ஜனவரி 7, மாலை

முதல் குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளி வாரியாகப் பிரித்தாலும் இந்த மூன்று வகைக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

பிட்யூட்டரி கட்டி எங்கே இருக்கும்? மூளையின் அடியில், எலும்புக் குழிக்குள். அதனால் அந்த வகைக்குத் தேர்ந்தெடுத்த ஸ்லைஸ்கள் எல்லாம் அந்த மட்டத்தில்தான் இருக்கும். கண் குழிகள் தெரியும், மண்டை ஓட்டின் அடிப்பகுதி தெரியும். கிளையோமா ஸ்லைஸ்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. ஆக, எந்த மட்டத்தில் வெட்டிய படம் என்று தெரிந்தாலே பாதி விடை வந்துவிடுகிறது. நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்: மாஸ்க்கை வைத்துக் கட்டியைக் கருப்பாக்கிவிட்டுப் பயிற்சி கொடுத்தேன். கட்டியே இல்லாத படத்தில் பிட்யூட்டரி வகையை மாடல் ஜாலியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

2025 ஜனவரி 8

'கருப்பாக்கிய ஓட்டையின் வடிவமே விடையைச் சொல்லிவிடுமே' என்று கேட்டவருக்கு: ஆமாம், சொல்லிவிடும். வட்டமாகச் சுவரோடு ஒட்டியிருந்தால் மெனிஞ்சியோமா என்று ஓட்டையைப் பார்த்தே நானும் சொல்வேன். அதனால் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மாஸ்க்கின் வடிவத்தை அப்படியே அழிக்காமல், எல்லாப் படத்திலும் ஒரே அளவு சதுரத்தை வைத்து, சுற்றியுள்ள சராசரி நிறத்தால் நிரப்புங்கள். அப்படிச் செய்தாலும் இடம் காட்டிக்கொடுக்கும். அதுதான் நான் சொல்ல வந்தது. இடத்தைப் பார்த்துச் சொல்வது தப்பில்லை, ரேடியாலஜிஸ்டும் அதைத்தான் முதலில் பார்க்கிறார். ஆனால் அதைச் செய்ய ஆழமான மாடல் வேண்டியதில்லை.

2025 ஜனவரி 10

சரி, பயாப்ஸி கேள்விக்கு வருகிறேன். நான் ஒரு மருத்துவமனையின் இமேஜிங் பிரிவில் இருக்கிறேன். கட்டியின் எல்லையை மாடல் வரைந்து கொடுக்க, அதைத் திருத்தி அறுவைத் திட்டத்துக்கு அனுப்புவது என் வேலை. பல துறை டாக்டர்கள் கூடி சிகிச்சையை முடிவு செய்யும் டியூமர் போர்டில் வாரா வாரம் உட்கார்கிறேன். இது கிளையோமாவா மெனிஞ்சியோமாவா என்று அங்கே எந்த சர்ஜனும் என்னைக் கேட்டதில்லை. பெரும்பாலான நேரம் ஸ்கேனைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்கள் கேட்பதெல்லாம் வேறு. கை காலை இயக்கும் நரம்புப் பாதைக்கும் இதற்கும் எத்தனை மில்லிமீட்டர்? இந்தத் தமனி கட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறதா, கட்டிக்குள் நுழைந்து போகிறதா? எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

ஒரு நாள் மாடலின் வெளியீட்டைத் திரையில் போட்டேன். கட்டி சிவப்பு, சுற்றியுள்ள வீக்கம் பச்சை. சர்ஜன் சொன்ன முதல் வார்த்தை: "கலரை எடுங்க." வெறும் படத்தை மேலும் கீழும் இரண்டு தடவை உருட்டினார். பிறகு கலரைப் போடச் சொன்னார். வெண்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புத் திட்டு. "இது கோராய்டு பிளெக்ஸஸ்" என்று விரலை வைத்தார். அது எல்லோருக்கும் இருக்கும் திசு. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் இயல்பாகவே வெளுத்துத் தெரியும். மாடல் அதைக் கட்டி என்று வரைந்திருந்தது. அந்தத் திட்டை நம்பியிருந்தால் கட்டி வெண்ட்ரிக்கிள் வரை வந்துவிட்டது என்று ஆகும், திட்டமே மாறும்.

அன்றிலிருந்து நான் கலர் இல்லாத படத்தைத்தான் முதலில் போடுகிறேன்.

பயாப்ஸியைப் பொறுத்தவரை, எடுக்கக்கூடிய கட்டி என்றால் பெரும்பாலும் அறுவையில் எடுக்கும் திசுவே பரிசோதனைக்குப் போகிறது. ஆழத்தில் இருப்பது, பரவிக் கிடப்பது, எடுத்தால் பேச்சு போய்விடும் என்ற இடத்தில் இருப்பது, இவற்றுக்குத்தான் தனியாக ஊசி பயாப்ஸி. நீங்கள் ஒழிக்கப் பார்க்கும் பயாப்ஸி பல பேருக்கு நடப்பதே இல்லை.

2025 ஜனவரி 11

எல்லை வரைவது உண்மையிலேயே முன்னேறிய துறை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து யு-நெட் வந்தது. படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பொருளைப் பிடித்து, மறுபடி விரித்து, வழியில் தொலைந்த நுணுக்கத்தைக் குறுக்கு இணைப்புகளால் திரும்பக் கொண்டுவரும் அமைப்பு. அதன் பிறகு வந்த என்என்யு-நெட், ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தின் வேலை. அது எனக்குக் கற்றுக்கொடுத்தது: புதுப் புது அமைப்பைத் தேடுவதை விட, வாக்ஸல் (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டம்) இடைவெளி, ஒளி அளவைச் சீராக்கும் முறை, ஒரு தடவைக்கு எடுக்கும் படத் துண்டின் அளவு ஆகியவற்றைத் தரவுக்கு ஏற்றபடி ஒழுங்காக அமைத்தாலே பாதிப் போட்டிகளை வெல்லலாம். 2019-இல் நடந்த சிறுநீரகக் கட்டிப் போட்டியில் அதுதான் முதலிடம்.

மூளைக்கு 2012 முதல் நடக்கும் பிராட்ஸ் போட்டி. நான்கு வகை எம்ஆர்ஐ: டி1, கான்ட்ராஸ்ட் ஏற்றிய டி1, டி2, ஃப்ளேர். பங்கேற்பாளர்களுக்குக் கிடைக்கும்போது மண்டை ஓடு நீக்கி, நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, 1 மில்லிமீட்டர் கனசதுரமாக மாற்றி, 240, 240, 155 என்ற அளவில் தயாராக இருக்கும். இந்தத் தயாரிப்பே பெரிய வேலை. அது செய்து முடித்த இடத்திலிருந்து நாம் ஆரம்பிக்கிறோம்.

என் மேஜைக்கு வருவது அப்படி வராது. ஃப்ளேர் 5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும், நடுவே இடைவெளியும் இருக்கும். நோயாளி தலையை அசைத்திருப்பார். டி1 ஒரு நாள் எடுத்தது, கான்ட்ராஸ்ட் படம் வேறு இயந்திரத்தில் வேறு நாள் எடுத்தது. வலிப்பு வந்து அவசரமாகக் கொண்டுவந்தவருக்கு நான்கில் ஒன்று எடுக்கப்படவே இருக்காது. மாடல் அப்போதும் ஏதோ ஒன்றை வரைந்து தரும். எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்லாது. எனக்கு இதில் உள்ள பெரிய கவலை இதுதான்.

2025 ஜனவரி 11, இரவு

டைஸ் ஸ்கோர் (மாடல் வரைந்ததும் உண்மையான கட்டியும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, முழுசாகப் பொருந்தினால் 1) 0.99 வந்தால் போதாதா என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு.

பெரிய கட்டி 1 மில்லிமீட்டர் அளவில் 10,000 வாக்ஸல், அதாவது 10 மில்லிலிட்டர். கொஞ்சம் தள்ளி 50 வாக்ஸலில் ஒரு குட்டிக் கட்டி, குறுக்களவு 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாடல் பெரியதை அப்பழுக்கில்லாமல் வரைந்து, குட்டியை அடியோடு விட்டுவிட்டது. டைஸ்: 2 × 10,000 ÷ (10,050 + 10,000) = 0.9975. இதை வைத்து நீங்கள் போட்டியில் பரிசே வாங்கலாம். ஆனால் ஒரு கட்டியா இரண்டா என்பதுதான் அங்கே அறுவையா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. உருண்டையான கட்டியைச் சுற்றிலும் 1 வாக்ஸல் கூடுதலாக வரைந்துவிட்டதாக வையுங்கள். 10,000 வாக்ஸல் கட்டிக்கு டைஸ் ஏறக்குறைய 0.89. அதே 1 மில்லிமீட்டர் பிசகு 50 வாக்ஸல் கட்டியில் நடந்தால் 0.5. பிசகு ஒன்றேதான், கட்டியின் அளவுதான் வேறு. அதனால் சராசரி டைஸ் மட்டும் போட்டு ஒரு கட்டுரை வந்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். எத்தனை கட்டிகளை முழுசாக விட்டது, எல்லை அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் விலகியது, இந்த இரண்டும் வேண்டும்.

2025 ஜனவரி 14

மரபணு மாற்றத்தையே ஸ்கேனிலிருந்து சொல்லிவிடலாமாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஆசையும் ஏமாற்றமும் அதிகமாக உள்ள இடம் இது.

கிளையோமாவிலேயே மிகக் கொடிய வகையான கிளையோபிளாஸ்டோமாவில் எம்ஜிஎம்டி என்ற மரபணுவின் முகப்பில் மெத்திலேஷன் (மரபணுவை அடக்கிவைக்கும் வேதிக் குறி) இருந்தால் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து நன்றாக வேலை செய்யும். திசு இல்லாமல் எம்ஆர்ஐயிலேயே இது தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? தெரிகிறது என்று கட்டுரைகள் வந்தன, உயர்ந்த துல்லியத்தோடு. 2021-இல் வட அமெரிக்க ரேடியாலஜி சங்கமும் மருத்துவப் படக் கணிப்பு ஆய்வாளர்களின் மிக்காய் அமைப்பும் சேர்ந்து இதையே திறந்த போட்டியாக வைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். விடை மறைத்துவைத்த தரவில் முதலிடம் பிடித்த மாடலின் ஏயுசி (இரண்டு வகையைப் பிரித்தறியும் திறனின் அளவு, 1 என்றால் முழுச் சரி) சுமார் 0.62. 0.5 என்றால் பூவா தலையா. இதை வைத்து ஒருவருடைய மருந்தை முடிவு செய்ய முடியாது.

அதற்காக எல்லாமே அப்படி என்று எழுதிவிடக் கூடாது. ஐடிஎச் என்ற மரபணுவின் மாற்றம் வேறு கதை. டி2 படத்தில் கட்டி முழுக்க வெள்ளையாக இருந்து, ஃப்ளேரில் ஓரம் தவிர உள்ளே கருத்துப்போனால், அது ஐடிஎச் மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா (கிளையோமாவில் ஒரு வகை) என்பதற்கு வலுவான அடையாளம். வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். எல்லோருக்கும் அந்த அடையாளம் இருக்காது, ஆனால் இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். படத்தில் தெரியக் காரணம் உள்ள ஒன்றை மாடல் கற்றுக்கொள்வது நம்பக்கூடியது. எம்ஜிஎம்டிக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரியும் காரணம் யாரும் காட்டவில்லை.

2025 ஜனவரி 15

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. 2014-இல் நுரையீரல், தலை கழுத்துப் புற்றுநோய்களுக்கு சிடி படத்திலிருந்து நான்கு அளவீடுகள் கொண்ட ஒரு ரேடியோமிக்ஸ் கையொப்பம் (படத்திலிருந்து கணக்கிட்ட எண்களின் சேர்க்கை) வந்து மிகவும் பேசப்பட்டது. நோயாளி எத்தனை காலம் பிழைப்பார் என்பதை அது ஊகிக்கிறது என்றார்கள். 2019-இல் வேறொரு குழு அதைப் பிரித்துப் பார்த்தது: அது அளந்தது ஏறக்குறைய கட்டியின் பருமனைத்தான். வாக்ஸல்களின் ஒளியைத் தாறுமாறாகக் கலைத்துவிட்டாலும் ஊகம் கெடவில்லை. பெரிய கட்டி உள்ளவருக்கு ஆபத்து அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அதிலிருந்து நான் எந்த மாடலைச் சோதித்தாலும் பக்கத்தில் ஒரு எளிய கணக்கை வைத்துக்கொள்கிறேன். பருமன், வயது, இருக்கும் இடம். இந்த மூன்றை வைத்துச் செய்த சாதாரணக் கணக்கை ஆழ்கற்றல் தாண்டவில்லை என்றால், அந்த மாடலுக்காக நேரம் செலவழிப்பதில்லை.

2025 ஜனவரி 16

மாடல் படத்தில் எங்கே பார்த்தது என்று நிறத்தில் காட்டும் ஹீட் மேப் போட்டால் டாக்டர்கள் நம்புவார்களா?

224 பிக்ஸல் படத்துக்கு வழக்கமான நெட்வொர்க்கின் கடைசி அடுக்கில் 7 × 7 கட்டங்கள்தான். ஒரு கட்டம் 32 பிக்ஸலை மூடும். அதை இழுத்து விரித்து வழவழப்பாக்கிச் சிவப்பு மஞ்சளில் காட்டுகிறோம். ஏறக்குறைய எங்கே பார்த்தது என்று தெரியும். எதைப் பார்த்தது என்று தெரியாது. எல்லையாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

2025 ஜனவரி 19

இரண்டு வாரமாக எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று தோன்றலாம். இந்தத் தொழில்நுட்பம் இன்றைக்கே கைகொடுக்கும் இடத்தை எழுதுகிறேன்: கல்லீரல்.

கல்லீரலின் ஒரு பக்கத்தைக் கட்டியோடு எடுக்கும் முன் கேட்பது ஒன்றுதான். மிச்சம் இருக்கப்போவது போதுமா? நல்ல கல்லீரல் என்றால் குறைந்தது 20 சதவீதம், நீண்ட கீமோ முடிந்தவர் என்றால் 30, சிரோசிஸ் இருந்தால் 40 என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. குறைந்தால் அறுவைக்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கும். முன்பெல்லாம் ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கையால் வரைந்து கூட்டுவார்கள். இப்போது மாடல் சில நிமிடத்தில் வரைகிறது, நான் திருத்துகிறேன்.

திருத்துவது ஏன் முக்கியம் என்று பாருங்கள். மொத்தக் கல்லீரல் 1500 மில்லி, அதில் கட்டி 200 மில்லி, மிஞ்சப்போவது 390 மில்லி. கட்டி வேலை செய்யாத திசு, அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்: 390 ÷ 1300 = 30 சதவீதம். கழிக்காமல் வகுத்தால் 26. கீமோ முடித்த ஒருவருக்கு அந்த நான்கு சதவீதத்தில்தான் முடிவு நிற்கிறது. ஒரு பக்கம் நேரே அறுவை. இன்னொரு பக்கம், எடுக்கப்போகும் பகுதிக்குப் போகும் போர்ட்டல் சிரையை அடைத்து, மறுபக்கம் வளரச் சில வாரம் காத்திருப்பது.

மாடல் எங்கே தடுமாறும் என்றும் தெரியும். ஓரத்தில் உள்ள பெரிய கருத்த கட்டியைக் கல்லீரலே இல்லை என்று வெளியே விட்டுவிடும். பித்தப்பை ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போகும். இரண்டையும் கண்ணால் பார்த்து உடனே சரிசெய்யலாம். எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான். விடை தப்பாக இருந்தால் தப்பு கண் முன்னால் இருக்கிறது. எம்ஜிஎம்டி 0.7 என்று ஒரு எண் வந்தால் அதில் எதைப் பார்த்துத் திருத்துவேன்?

2025 ஜனவரி 22

அப்பாவின் எம்ஆர்ஐயை ஏதோ ஒரு செயலியில் போட்டதாகவும் அது 'கிரேடு 2' என்று சொன்னதாகவும் எழுதியிருப்பவருக்கு.

உங்கள் பதற்றம் புரிகிறது. அந்த எண்ணை இப்போதைக்கு மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆறுதலாகவும் வேண்டாம், பயமாகவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் கிரேடு (கட்டியின் வீரியத்தைச் சொல்லும் 1 முதல் 4 வரையான எண்) படத்திலிருந்து வருவதில்லை. மைக்ரோஸ்கோப்பில் சாதுவாகத் தெரியும் திசுவாக இருந்தாலும், பெரியவர்களில் ஐடிஎச் மாற்றம் இல்லாத பரவும் வகைக் கட்டியில் டெர்ட் மரபணுவின் முகப்பு மாற்றம், இஜிஎஃப்ஆர் மரபணுவின் பெருக்கம், 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலே அது கிரேடு 4. திசுவைப் பார்ப்பவருக்கே மூலக்கூறுப் பரிசோதனை வேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: எவ்வளவு எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? பேச்சு, கை, கால் பகுதிக்கு எவ்வளவு பக்கம்? எடுக்கும் திசுவில் ஐடிஎச், எம்ஜிஎம்டி பரிசோதனை செய்வீர்களா? பயப்படாமல் கேளுங்கள், இவை அவர்கள் தினமும் பதில் சொல்லும் கேள்விகள். அந்தச் செயலியில் அப்பாவின் பெயரோடு கோப்பைப் போட்டிருந்தால் நீக்கச் சொல்லி எழுதுங்கள், ஸ்கேன் கோப்புக்குள் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்.

2025 ஜனவரி 23

'எல்லையே சரியாக வரைந்துவிட்டால் அதன்படி வெட்டி எடுக்க வேண்டியதுதானே' என்பவருக்கு. மூளையில் கான்ட்ராஸ்ட் வெளுப்பது ரத்த-மூளைத் தடுப்பு உடைந்த இடத்தில். கட்டியின் செல்கள் அதைத் தாண்டி நல்ல திசுவுக்குள் போயிருக்கும். கிளையோபிளாஸ்டோமா திரும்ப வரும்போது பெரும்பாலும் பழைய ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வருவது இதனால்தான். மாடலுக்கு நாம் கற்றுக்கொடுத்ததே ஒரு ரேடியாலஜிஸ்ட் வரைந்த கோடு, அவரும் தெரிவதைத்தான் வரைந்தார். அப்புறம் மண்டையைத் திறந்து உறையை வெட்டியதும் நீர் வடிந்து மூளை இறங்கும், நகரும். காலையில் பார்த்த வரைபடம் மதியம் பொருந்தாது. நடுவில் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் புதுப்பிக்கும் வசதி உள்ள இடங்களில் கொஞ்சம் நிம்மதி.

2025 ஜனவரி 27

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மூலக் கோப்பை எடுத்து, நோயாளி எண் வாரியாகப் பிரித்து, எண் நன்றாகவே குறைந்துவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். வருத்தப்பட ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்ததே பெரிய விஷயம், பலர் அதைச் செய்வதில்லை.

அடுத்து என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஸ்லைஸ் கணக்கை விட்டுவிட்டு ஆள் கணக்குக்கு வாருங்கள். ஒருவருடைய எல்லா ஸ்லைஸ்களின் விடைகளையும் சேர்த்து அவருக்கு ஒரு விடை. ஐந்தில் ஒரு பங்கு சோதனை என்றால் 233 பேரில் 47 பேர்தான் இருப்பார்கள். ஒருவர் மாறினாலே துல்லியம் 2 சதவீதத்துக்கு மேல் ஆடும். அதனால் ஐந்து பங்கையும் மாற்றி மாற்றிச் சோதித்து, எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

மாஸ்க் கையில் இருக்கிறது, எனவே பருமனையும் இடத்தையும் மட்டும் வைத்து எளிய கணக்கு ஒன்றைச் செய்து பக்கத்தில் வையுங்கள். பிறகு மாடல் தப்பாகச் சொன்ன ஒவ்வொருவரின் படத்தையும் திறந்து உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் ஒரு ரேடியாலஜிஸ்டோடு. தப்பான ஆட்களின் நோயாளி எண்களை இங்கே போட்டால் நானும் திறந்து பார்க்கிறேன்.